கட்டடப் புகைக்குக் கடிவாளம்: நியூயார்க்கா, டோக்கியோவா?

நகரத்துக் கார்பன் என்றதும் வாகனங்களைத்தான் திட்டுகிறோம். நியூயார்க்கில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்தே வருகிறது. அறைகளைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் எரியும் கொதிகலன்கள் முக்கியக் குற்றவாளி. அதனால் 2019-இல் 'உள்ளூர்ச் சட்டம் 97' வந்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கார்பன் வெளியீட்டுக்கு 2024 முதல் உச்சவரம்பு. மீறினால், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம்.

டோக்கியோ 2010-லேயே தொடங்கிவிட்டது. ஆற்றலை அதிகம் விழுங்கும் பெரிய கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் மட்டும் கார்பன் குறைப்பு இலக்கு. கூடுதலாகக் குறைத்தவர் மிச்சத்தை விற்கலாம், தவறியவர் வாங்கலாம். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலோர் தாங்களே குறைத்துவிட்டதால் அந்தச் சந்தை சூடுபிடிக்கவில்லை.

டோக்கியோ முறை நயமானது. நியூயார்க்கின் வலை அகலம். கொதிகலனை மாற்றக் காசில்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு அது வலிக்கும். கடனுதவியும் சேர்ந்து வந்தால் என் ஓட்டு நியூயார்க்குக்கே.