200 மீற்றர்: தவளை நீச்சலா, ஃப்ரீஸ்டைலா?

கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளிக்குப் போய், காற்றுத் தொட்டியோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா பழகுவோம் என்று மச்சான் சொன்னபோது எனக்கு 41 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி வளர்ந்தும் பத்து மீற்றருக்கு மேல் நீந்தியதில்லை.

பாடி என்ற சுழியோடிகள் அமைப்பின் ஓப்பன் வோட்டர் என்ற ஆரம்பப் பயிற்சியில், நிற்காமல் 200 மீற்றர் நீந்த வேண்டும். அல்லது முகமூடி, ஸ்நோர்கல் என்ற மூச்சுக்குழாய், ஃபின்ஸ் என்ற கால்துடுப்பு போட்டு 300 மீற்றர். அப்புறம் பத்து நிமிட மிதப்பு. நேரக் கட்டுப்பாடு இல்லை, எந்த நீச்சலாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வரியைக் கவனிக்காததால் எனக்கு ஒரு மாதம் வீண்.

நீச்சல் என்றால் ஃப்ரீஸ்டைல் என்றுதான் தொடங்கினேன். வேகமானது, பார்க்கவும் அழகு, சரி. ஆனால் 25 மீற்றர் தடாகத்தின் மறுகரையைத் தொடும்போதே நாய் மாதிரி இரைக்கும். கையிலும் காலிலும் பலம் போதாது என்று நினைத்து வீட்டில் தண்டால் எடுத்தேன். பயிற்றுவித்த தம்பி ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, நீங்கள் மூச்சை இழுக்கிறியள், விடுறதே இல்லை."

விஷயமே அதுதான். மூச்சு முட்டுவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைந்ததால் அல்ல, காபனீரொட்சைட்டு சேர்வதால். ஃப்ரீஸ்டைலில் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டு முடித்திருக்க வேண்டும். தலை திரும்பும் கணத்தில் இழுக்க மட்டுமே நேரம். பழகாதவன் அந்த அரை விநாடிக்குள் இரண்டையும் செய்யப் பார்க்கிறான். பதற்றத்தில் தலையைத் தூக்கினால் கால் தாழ்கிறது, தாழ்ந்த காலை இழுக்க இன்னும் மூச்சு செலவாகிறது.

தவளை நீச்சலில் ஒவ்வொரு கைவீச்சுக்கும் வாய் தானாக மேலே வரும். உதைத்த பின் உடம்பை நீட்டி வழுக்கும்போது குமிழி விட்டுக்கொண்டே போகலாம். அந்த வழுக்கலைத்தான் நான் ஓய்வாக எடுத்துக்கொண்டேன். முதலில் 25 மீற்றருக்கு ஒருமுறை அரை நிமிடம் நின்று எட்டுத் தடவை. பிறகு நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். எண்ணிக்கை மறக்காமலிருக்கக் கரையில் நான்கு புளியங்கொட்டை. போய் வந்தால் ஒன்றைத் தள்ளுவேன். நான்காவது கொட்டை தள்ளப்பட ஆறு வாரம் ஆனது.

ஃபின்ஸ் வழியை இரண்டு தடவைதான் பார்த்தேன். முகத்தைத் தூக்கவே தேவையில்லை, சுகமாக இருந்தது. ஆனால் இரண்டு தடவையும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அளவு பிழையா, என் கால் பிழையா, சொல்லத் தெரியவில்லை.

பழகுவது தடாகத்திலா, கொழும்புக் கடலிலா என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, தடாகம்தான். நிலாவெளிக் கடல் அடங்கும் மே முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில்தான் தென்மேல் பருவக்காற்று கொழும்புக் கடலைக் கொந்தளிக்க வைக்கும்.

முழங்காலின் உட்பக்கம் நோவு உள்ளவர்களுக்குத் தவளை உதை ஆகாது. அவர்கள் ஃப்ரீஸ்டைலையே மெதுவாகப் பழகட்டும். மற்றச் சுழியோடிகளை வழிநடத்தும் டைவ்மாஸ்டர் ஆவதற்கான தேர்வில் 400 மீற்றரை நீந்தும் நேரத்துக்குப் புள்ளி போடுவார்கள். அங்கே என் தவளை எவ்வளவு தேறும் என்று நான் பார்த்ததில்லை. மச்சான் இப்போது அந்தப் பேச்சையும் எடுக்கிறான்.