சாம்பலா, சுரங்கத்து அமில நீரா: அருமண் எடுக்க எது தோது?

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. கைக்கெட்டுவது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துச் சாம்பல்தான். அதனால் நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் (rare earth) மூலகங்களைப் பிரிக்க நினைக்கும் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்தின் கண் முதலில் அங்கேதான் போகும். வேறு நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் இருந்து ஒழுகும் அமில நீர் இன்னொரு மூலம். என் சார்பு அந்த நீரின் பக்கம். காரணம் அமிலச் செலவு.

ஒரு தொன் சாம்பலில் அருமண் பெரும்பாலும் 300 முதல் 600 கிராம்தான். கல்சியம் ஒட்சைட்டு 5 சதவீதம் இருந்தால், அதைத் தீர்க்கவே ஏறத்தாழ 88 கிலோ சல்பூரிக்கமிலம் போய்விடும். கூடவே ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) படிந்து அருமண்ணிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஜிப்சத் தொல்லை இல்லை. ஆனால் சிலிக்கா கூழாகி வடிதாளை அடைக்கும். கண்ணாடித் துகளுக்குள் சிக்கியதை அமிலம் மட்டும் எடுக்காது. சோடியம் ஐதரொட்சைட்டுடன் 450 பாகை செல்சியஸில் வறுக்கவேண்டும். அமெரிக்காவின் பவுடர் ரிவர் நிலக்கரிச் சாம்பலில் அருமண் குறைவு, ஆனால் கல்சியம் கூடியதால் அமிலத்துக்கு இலகுவாக இளகும். அப்பலாச்சியச் சாம்பலில் அருமண் கூட, விடுவதோ அரிது. மொத்த அளவைப் பார்த்து மயங்கக்கூடாது.

ஐதரோகுளோரிக்கமிலத்தில் கரைத்தபின் எஞ்சும் சக்கையில் குளோரைட்டு இருக்கும். கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் சீமெந்துக்கு ஆகாது. வெடிப்பு நிறைந்த எங்கள் சுண்ணாம்புக்கல்லின் மேல் கொட்டினால் கிணற்றுக்குத்தான் போகும்.

அமில நீரிலோ பைரைட்டும் (இரும்புச் சல்பைட்டுக் கனிமம்) காற்றும் பக்ரீரியாவும் சேர்ந்து கரைக்கும் வேலையை முன்பே முடித்துவிட்டன. மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட் ஸ்டோர்மில் செய்வதும் இந்த அடிப்படையில்தான். முதலில் காற்றூதிப் பெரசு (Fe²⁺) இரும்பைப் பெரிக் (Fe³⁺) ஆக்கவேண்டும். காரம் சேர்த்துப் பி.எச். 4 வரை உயர்த்த இரும்பு வீழும், 5 வரை போக அலுமினியம், 8 அளவில் அருமண். ஒட்சியேற்றம் அரைகுறையானால் மிச்ச இரும்பு கடைசி வீழ்படிவில் வந்து கலக்கும். அலுமினியக் கட்டத்தில் 5.5ஐத் தாண்டினால் அருமண்ணும் அதோடு போய்விடும். பி.எச். மின்வாயில் இரும்பு படிந்து அளவீடு பிசகுவதே வழமையான கோளாறு. ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் கழுவினால் சரி. இதன் பிறகு மூலகங்களைத் கரைப்பான் கொண்டு தனித்தனியாகப் பிரிக்கும் வேலைக்கு, மேசையளவுச் சோதனையை வைத்துத் தொழிற்சாலைக் கணக்குச் சொல்வது நியாயமில்லை.

சாம்பல்தான் வழி என்றால் 10 கிராமை 100 மில்லிலீற்றர் 2 மோலார் ஐதரோகுளோரிக்கமிலத்தில் 80 பாகையில் நாலு மணித்தியாலம் கலக்கி, வடித்து அளந்து பாருங்கள். அருமண்ணில் பாதிகூடக் கரையாவிட்டால் அந்தச் சாம்பல் அப்படியே சீமெந்துக்குப் போகட்டும்.