குனவாரா காபர்னே: இளசாக வாங்கி, எடுத்து வைத்து, காத்திருந்து குடித்த அனுபவம்

கடைக்குப் புதிதாக வந்திறங்கும் சிவப்பு வைனில் எதை உடனே குடிப்பது, எதைப் பத்து வருஷம் எடுத்து வைப்பது? அடிலெய்டில் குடியிருந்துகொண்டு பல வருஷமாக வாங்கி அடுக்கிக் குடித்துவருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய சிவப்பு வைன்களில் பெரும்பாலானவற்றை எடுத்து வைக்கத் தேவையே இல்லை. கடைக்கு வந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிக்கத்தான் அவற்றைத் தயாரிக்கிறார்கள். காத்திருந்தால் பலன் தருபவை கொஞ்சம்தான். அவற்றில் நடுத்தர விலைக்கு நம்பி வாங்கக்கூடியது, காபர்னே சாவிஞான் என்ற கறுப்புத் திராட்சை வகையிலிருந்து குனவாராவில் தயாராகும் வைன். நான் விடாமல் வாங்குவது அதில் வின்ஸ் என்ற நிறுவனத்தின் பிளாக் லேபிள்.

குனவாரா இருப்பது தெற்கு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில், விக்டோரியா எல்லையை ஒட்டி. சுண்ணாம்புப் பாறையின் மேல் செம்மண் படிந்த குறுகலான பட்டை அது. நீளம் சுமார் 15 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டருக்குள். அந்த மண்ணில் தண்ணீர் தேங்காது. கடல் 60 கிலோமீட்டர் தூரத்தில்தான் என்பதால் கோடையிலும் ராத்திரி குளிர்ந்துவிடும். பழம் நிதானமாகப் பழுக்கும், புளிப்பு இறங்காமல் நிற்கும். 1890-களில் இங்கே திராட்சைப் பயிரைத் தொடங்கியவர் ஜான் ரிடாக். வின்ஸ் லேபிளில் தெரியும் மூன்று முக்கோண முகப்புள்ள கட்டடம் அவர் காலத்தது. 1951-ல் வின் குடும்பத்தார் அந்த இடத்தை வாங்கினார்கள். பிளாக் லேபிள் காபர்னேயின் முதல் அறுவடை 1954.

2012 அறுவடையை எடுத்துக்கொள்கிறேன், அதைத்தான் இளசிலிருந்து விடாமல் பின்தொடர்ந்தேன். புதிதாகத் திறந்தபோது கண்ணாடிக் கோப்பையின் விளிம்புவரை கருநீலச் சிவப்பு, வெளிச்சத்தில் பிடித்தாலும் ஊடுருவிப் பார்க்க முடியாத அடர்த்தி. முகர்ந்தால் கறுப்புத் திராட்சை வற்றல், கொஞ்சம் புதினா, அடியில் பீப்பாயின் புது ஓக் மர வாசனை. அந்தப் புதினா வாசனை குனவாராவில் அடிக்கடி வரும். தோட்டத்தின் ஓரத்தில் யூகலிப்டஸ் மரங்கள் நின்றால் அதன் எண்ணெய்ச் சத்து திராட்சைத் தோலில் படிந்து வைனுக்குள் இறங்கிவிடுகிறது. வாயில் வைத்ததும் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கும் ஈறும் ஒட்டிக்கொண்டன. முன்னால் பழம், முடிவில் துவர்ப்பு, நடுவில் ஒரு வெற்றிடம். இளம் காபர்னேயில் இந்த வெற்றிடத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். காலம் போகப்போக நிரம்புவது அந்த இடம்தான்.

இளசில் நான் துவர்ப்பை அளவுகோலாக வைப்பதே இல்லை. துவர்ப்பு மலிவாகக் கிடைக்கும், தோலையும் விதையையும் கசக்கினால் வந்துவிடும். நான் கவனிப்பது விழுங்கிய பிறகு வாயோரத்தில் எச்சில் ஊறுகிறதா என்பதை. ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் பழத்தின் ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பேன். ஓக் மட்டும் தங்கி பழம் முதலில் மறைந்தால் அதை எடுத்து வைப்பதில்லை, ஏனென்றால் பழம் வயதில் குறையுமே தவிர அதிகமாகாது.

இன்னொரு சோதனையும் உண்டு. பாதிப் புட்டி குடித்துவிட்டு மூடியைத் திருகி மேஜையில் விட்டுவிடுவேன். 14 சதவீத ஆல்கஹால் உள்ள வைன் ஒரு புட்டியில் ஆஸ்திரேலியக் கணக்குப்படி 8 ஸ்டாண்டர்டு டிரிங்குக்கு (10 கிராம் ஆல்கஹால் கொண்ட அளவு) மேல் இருக்கும், ஒரே ராத்திரியில் தீர்க்க வேண்டிய பொருளே அல்ல அது. மறுநாள் ருசி தட்டையாகிவிட்டால் அந்த வைன் சீக்கிரம் குடிக்க வேண்டியது. மறுநாள் இன்னும் திறந்துகொண்டு மணம் கூடியிருந்தால் பெட்டியாக வாங்குவேன். 2012 மறுநாள்தான் பேசவே ஆரம்பித்தது.

நான்கு ஐந்து வயதில் அதே வைன் வாயை மூடிக்கொண்டது. இளசின் பழவாசனை அடங்கிவிட்டது, முதிர்ச்சியின் வாசனை இன்னும் வரவில்லை. பலர் இந்தக் கட்டத்தில் திறந்து பார்த்து "செத்துப்போச்சு" என்று மிச்சத்தைச் சமையலில் ஊற்றிவிடுகிறார்கள். ஐயோ, பொறுங்கள். எட்டு வயதைத் தாண்டியதும் துவர்ப்பு உருண்டு மென்மையாகி, பழம் மறுபடி முன்னுக்கு வந்தது. பத்து வயதில் விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. தேவதாரு மரம், காய்ந்த புகையிலை, மழை நனைத்த மண் எல்லாம் வந்து சேர்ந்தன, புதினா இன்னும் விலகவில்லை. அந்த நடு வெற்றிடம் இருந்த சுவடே தெரியவில்லை. இதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

எல்லா வருஷமும் ஒன்றல்ல. 2010-ம் 2012-ம் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அருமையான வருஷங்கள். இரண்டுக்கும் நடுவே வந்த 2011 குளிரும் மழையுமாக இருந்து, பல தோட்டங்களில் பழம் பூஞ்சை பிடித்தது. வாங்குமுன் லேபிளில் வருஷத்தைப் பாருங்கள். அந்த வருஷத்து அறுவடை 85 சதவீதமாவது உள்ளே இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம். ஊர்ப் பெயருக்கும் திராட்சை வகைக்கும் அதே விதிதான்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோஸா பள்ளத்தாக்கில் ஷிராஸ் என்ற இன்னொரு கறுப்புத் திராட்சை வகையிலிருந்து வரும் வைன் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இளசிலேயே இனிமையாக, தாராளமாக இருக்கும். அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்ததென்றால் தேங்காயும் வனிலாவும் மணக்கும். நல்ல தோட்டத்துச் சரக்கு முதிர்ந்தும் அழகாகும். ஆனால் 15 சதவீதத்தைத் தொடும் கனமான ஷிராஸ் பழம் வற்றியபின் ஆல்கஹால் சூட்டை மட்டும் மிச்சம் வைப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஷிராஸில் நான் எடுத்து வைப்பது நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பள்ளத்தாக்கின் இலகுவான வகையையும், விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ந்த இடத்து மிளகு வாசனை வகையையும். அந்த மிளகு வாசனை கற்பனை இல்லை. நம் கருமிளகில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற அதே சேர்மம்தான் ஷிராஸிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்து 2008-ல் வெளியிட்டது. ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டவே எட்டாது, ஆகவே உங்களுக்கு மிளகு தெரியவில்லையென்றால் உங்கள் ரசனையில் குறை எதுவும் இல்லை.

வைப்பிடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இங்கே கோடையில் 40 டிகிரி தாண்டும் நாட்கள் சகஜம். நண்பர் ஒருவர் விலை உயர்ந்த புட்டிகளைக் கார் ஷெட்டில் இரண்டு கோடை வைத்திருந்தார். திறந்தபோது கொதிக்கவைத்த ஜாம் ருசி, நிறம் மட்டும் மாறாமல் இருந்தது. 13, 14 டிகிரியில் ஏற்ற இறக்கமில்லாமல் இருக்க வேண்டும், வெளிச்சமும் அதிர்வும் கூடாது. பழைய கல்வீட்டில் தரைக்கடியில் அறை இருந்தால் அதிர்ஷ்டம். எனக்கு அது இல்லை, கம்ப்ரஸர் வைத்த வைன் அலமாரி வாங்கினேன். அதன் விலையையும் கரண்ட் பில்லையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், வருஷத்துக்கு ஒரு பெட்டி மட்டும் வாங்குகிறவருக்கு அது கட்டாது. அவர் முதிர்ந்த வைனாகவே ஏலத்தில் வாங்கலாம், ஆனால் அது எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று கேட்டுவிட்டு.

பிளாக் லேபிள் இப்போது திருகு மூடியில் வருகிறது. கார்க் கெட்டு நனைந்த அட்டை வாசனை அடிக்கும் தொல்லை ஒழிந்தது, எனக்கு அதில் முழுத் திருப்தி. கார்க் புட்டி மாதிரி படுக்கவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் மூடியின் மேல் விளிம்பு அலமாரியில் இடித்து நசுங்கினால் உள்ளே இருக்கும் அடைப்பு விலகிக் காற்று புகும். அடுக்கும்போது நான் மூடியை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பேன், பள்ளம் தட்டுப்பட்டால் அந்தப் புட்டியை முதலில் குடித்துவிடுவேன்.

சாப்பாட்டோடு என்றால், காரமான குழம்போடு இளம் காபர்னேயைத் தயவுசெய்து வைக்காதீர்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும், துவர்ப்பு கசப்பாக மாறும். காரம் குறைத்து, மிளகும் சோம்பும் போட்டு வறுத்த ஆட்டுக்கறிக்குப் பத்து வயதுப் புட்டி நன்றாகச் சேரும். முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டால் மண்டி அடியில் தங்கும். மறுநாள் வெளிச்சத்துக்கு எதிரே கழுத்தைப் பிடித்து ஒரே மூச்சில் டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: நல்ல வருஷத்தில் ஆறு புட்டிப் பெட்டியாக எடுங்கள், தள்ளுபடி பெரும்பாலும் பெட்டிக்குத்தான். ஒன்றை இளசில் குடியுங்கள். இரண்டாவதை ஏழு வயதுக்கு முன் தொடாதீர்கள். மிச்சத்தை வருஷத்துக்கு ஒன்றாக, அவசரமில்லாமல்.