1.6-உம் 2.0-உம்: எந்த எஸ்ஏஆர் வரம்பு கடுமையானது?

போனின் ரேடியோ அலை ஆற்றலை உடல் திசு எந்த அளவு உள்வாங்குகிறது என்பதே எஸ்ஏஆர். அமெரிக்க வரம்பு 1.6, ஐரோப்பிய வரம்பு 2.0, ஆக வித்தியாசம் சொற்பம்தான் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. இரண்டுக்கும் அலகு ஒன்றுதான், கிலோவுக்கு இத்தனை வாட். ஆனால் சராசரி எடுக்கும் திசுவின் எடை வேறு. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1 கிராமில் எடுக்கிறது. 2012 செப்டம்பர் முதல் இந்தியாவிலும் அதே முறை. ஐரோப்பா பின்பற்றும், ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவின் முறையில் 10 கிராம்.

1 கிராம் என்பது பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரம், 10 கிராமுக்குப் பக்கம் சுமார் 2.15 செ.மீ. போனை ஒட்டிய மேற்பகுதியில்தான் ஆற்றல் அதிகம் தங்கும், ஆழத்தில் வேகமாகக் குறையும். பெரிய கனசதுரத்தில் அந்தக் குறைந்த பகுதியும் சேர்வதால் சராசரி இறங்கிவிடும். அதனால் ஒரே போனை இரண்டு முறையிலும் அளந்தால், 1 கிராம் அளவே பொதுவாகக் கூடுதலாக வரும். எண் சிறியது, அளவுகோலும் நுணுக்கமானது: 1.6 இரண்டு வழியிலும் கடுமையானது.

1.6-உம் 2.0-உம் உடலின் ஒரு பகுதிக்கான வரம்புகள்; முழு உடல் சராசரிக்கான வரம்பு இரண்டு முறையிலும் ஒன்றே. முழு உடலும் கிலோவுக்கு 4 வாட் உள்வாங்கினால் உடல் வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி உயரலாம். அதை 50-ஆல் வகுத்துப் பொதுமக்களுக்கு 0.08 என்று வைத்தார்கள்.

எடையைவிட அதிகம் ஏமாற்றுவது, சோதனையில் போனுக்கும் உடலுக்கும் நடுவே விடும் இடைவெளி. தலைக்கான சோதனையில் திசுவுக்கு ஈடான திரவம் நிரப்பிய மாதிரித் தலையில் போனை ஒட்டி வைத்து, உச்ச சக்தியில் இயக்கி அளப்பார்கள். உடலுக்கோ 5, 10, 15 மி.மீ. என்று இடைவெளி விடுவதுண்டு. 2023-இல் பிரான்ஸின் அலைவரிசைக் கண்காணிப்பு அமைப்பான ஏஎன்எஃப்ஆர் அளந்தபோது, ஐபோன் 12 உடலுக்கான 5 மி.மீ. சோதனையில் தேறியது. கையில் பிடித்திருப்பது போல ஒட்டி அளந்ததில் 5.74 வந்தது; கை கால்களுக்கான ஐரோப்பிய வரம்பு 4. இடைவெளி குறிப்பிடாத உடல் எண்ணை நான் ஒப்பிடவே மாட்டேன்.

இரு போன்களை ஒப்பிடும்போது கிராம், தலையா உடலா, இடைவெளி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல போன்களில் *#07# அழுத்தினால் எஸ்ஏஆர் விவரம் வரும்.

அப்போதும் அது உச்ச சக்தியில் எடுத்த எண். சிக்னல் நன்றாக இருந்தால் போன் சக்தியைத் தானே வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். லிஃப்டிலும் அடித்தளத்திலும் சிக்னல் தேடி உச்சத்துக்கு ஏறும்; அங்கே நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தால் ஸ்பீக்கரிலோ வயர் இயர்போனிலோ பேசி, போனைத் தலையிலிருந்து தள்ளி வையுங்கள்.