நன்றி டைரி வாங்கலாமா, லாங் சைஸ் நோட்டே போதுமா?

'இன்று நன்றி சொல்ல மூன்று விஷயங்கள்' என்று அச்சடித்த கெட்டி அட்டை டைரிகள் ஆன்லைனில் நிறைய வருகின்றன. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கோடு போடாத லாங் சைஸ் நோட்டு, அதைவிட நன்றாக வேலை செய்யும்.

டைரியில் தாளும் பைண்டிங்கும் சரிதான். கோளாறு 'தினமும்' என்பதில். சில நாளிலேயே 'குடும்பம், சாப்பாடு, உடம்பு' என்று கை தானாக எழுத ஆரம்பித்துவிடும். உளவியல் ஆய்வாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் சகாக்களும் 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் சொல்லும் ஆய்வில், வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லாமல் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதலாம்.

நோட்டில் செய்வது வேறு வேலை. மனதை வாட்டும் எண்ணம் சரிதானா என்று சாட்சி வைத்து எழுதிப் பார்க்கும் 'எண்ணப் பதிவு' அது; அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்தது. நோட்டை விரித்து இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் நான்கு கட்டம் போடுங்கள்.

இடப்பக்கம், நடந்தது: கும்மிடிப்பூண்டி லைனில் ரயில் லேட், சூப்பர்வைசர் முகம் கொடுக்கவில்லை. உணர்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு: பயம் 80. அப்போது ஓடிய எண்ணம்: 'வேலையை விட்டுத் தூக்கிடுவாரு.' வலப்பக்கம், அதற்குச் சாட்சி: இந்த மாதம் இது இரண்டாவது லேட். எதிர்ச் சாட்சி: நேற்றுதான் ஓ.டி.க்குக் கூப்பிட்டார், இன்று யாரிடமுமே அவர் பேசவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்: 'லேட்டா வந்தது அவருக்குப் பிடிக்கல, வேலைக்கு ஆபத்துன்னு இன்னும் எதுவும் தெரியல.' கடைசிக் கட்டத்தில் பயத்துக்கு மறுபடி மார்க்: 45. பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயல வேண்டாம். இந்த இறக்கமே நல்ல இறக்கம்.

பெரும்பாலும் சொதப்புவது மூன்றாவது கட்டம். 'கஷ்டமா இருக்கு' என்பது உணர்ச்சி, எண்ணம் இல்லை. 'ஏன் எனக்கு மட்டும்?' என்று கேள்வியாக எழுதினால் சாட்சி தேட முடியாது; 'எனக்கு மட்டும்தான் இப்படி நடக்குது' என்று மாற்றுங்கள். சாட்சிக் கட்டங்களில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் வரட்டும். 'அவருக்கு என்னைப் பிடிக்காது' என்பது இன்னொரு எண்ணம்தான். ஆறாவது கட்டத்தில் 'எல்லாம் நல்லதுக்கே' என்று எழுதினால் மார்க் அசையாது, எழுதியவருக்கே அதில் நம்பிக்கை இருக்காதே! எல்லாம் சரியாக எழுதியும் மார்க் இறங்கவில்லையா? அடியில் வேறு எண்ணம் இருக்கிறது. 'அப்படியே நடந்தால் என்ன ஆகும்?' என்று கேட்டு, வரும் பதிலை மூன்றாவது கட்டத்தில் போட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் நோட்டுக்கு இன்னொரு வசதி: பார்த்தால் பால் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது 'தொழில் போச்சு' என்று நினைத்த மீனவரின் எண்ணத்தில் பிழை எதுவும் இல்லை. அங்கே தேவை நிவாரணம், ஏழு கட்டம் அல்ல. சாட்சி எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் எண்ணத்தை விட்டுவிட்டு, அடுத்து யாரைப் பார்ப்பது, என்ன செய்வது என்று எழுதுங்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டை மூடிவிட்டு 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போக ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.