நாங்களே பில் போடும் மெஷினில் 23,460 ரூபா இரண்டு தரம் போய்விட்டது, கவனம்

இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். 23,460 ரூபா இன்னும் திரும்பி வரவில்லை. காலையில் வங்கியில் ஒன்றரை மணித்தியாலம் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் பெயரைப் போட்டால் அது எனக்கே திரும்பும் என்று தம்பி சொல்கிறான். கொழும்பில் உள்ள ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட், அவ்வளவுதான். இப்படி மாட்டுப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

மகளுக்குக் கம்பஸ் கிடைத்து ஹொஸ்ரலில் விடப் போனோம். கிளிநொச்சியில் இருந்து வாளி, தலையணை எல்லாம் பஸ்ஸில் காவிக்கொண்டு போக ஏலாது, அங்கேயே வாங்குவோம் என்று முடிவு. காலபோக நெல் விற்ற காசு வங்கியில் கிடந்தது. கொழும்பில் கையில் காசோடு திரியப் பயந்து கார்ட்டை மட்டும் எடுத்துப் போனேன். களவு போகக் கூடாதென்றுதான் கார்ட். இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை பின்னேரம். காசாளர் இருக்கிற இடங்களில் இரண்டுதான் திறந்திருந்தது, வரிசை பிஸ்கட் தட்டு வரைக்கும் நின்றது. பக்கத்தில் ஆறு மெஷின் சும்மா நின்றது. சாமானை நாங்களே காட்டி, நாங்களே காசு கட்டிப் போகிற மெஷின்.

“அம்மா, இதில போவம். ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை” என்றாள் மகள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கும். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தவள்தான். ஆனால் கவுண்டரில் நின்று, பை வேணுமா, பொயின்ட் கார்ட் இருக்கா என்று அவர்கள் வேகமாகக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். மெஷின் என்றால் அந்த வெட்கம் இல்லையாம். அவளுடைய சிநேகிதப் பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்களாம். நியாயம்தான். ஆனால் திரையைத் தொட்டால் சிங்களமும் ஆங்கிலமும் வந்தது, தமிழைக் காணவில்லை. ஆங்கிலத்தை அமத்தினோம்.

இதைப் பாவிக்காதவர்களுக்கு ஒரு சொல்: சாமானைக் கண்ணாடியில் காட்டினால் ‘பீப்’ என்று விலை விழும். பிறகு பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும். அந்தத் தட்டு வெறும் தட்டல்ல, தராசு. எந்தச் சாமான் எவ்வளவு நிறை என்று மெஷினுக்குள் பதிந்திருக்கிறது. காட்டாத ஒன்றைத் தட்டில் வைத்தாலோ, காட்டியதை வைக்காவிட்டாலோ நிறை பிசகும், உடனே நின்றுவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. நான் தோளில் பாரமாக இருந்த கைப்பையைத் தட்டில் வைத்தேன். மெஷின் கத்தியது. வாளி பெரிசு, தட்டில் அடங்காமல் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நின்றது. திரும்பவும் கத்தியது. மேலே கம்பத்தில் சிவப்பு லைட் எரிய, வரிசையில் நின்ற சனம் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. தாயும் மகளும் களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி நின்றோம்.

ஒவ்வொரு தரமும் ஒரு பொடியன் வந்து தன்னுடைய கார்ட்டைக் காட்டி அதை நிற்பாட்டிவிட்டுப் போனான். மூன்றாம் தரம் வந்தபோது நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, “அக்கா தமிழோ? எந்த ஊர்?” என்றான்.

“கிளிநொச்சி, தம்பி.”

“என்ர அம்மம்மா விசுவமடு” என்றான்.

நான் ஏமாந்த இடம் இதுதான். அதுவரைக்கும் பயத்தில் ஒவ்வொரு விலையையும் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், விசுவமடு என்ற சொல்லைக் கேட்டதும் ஆறிப்போனேன். அவ்வளவு பெரிய கடையில், அந்தக் குளிரில், எங்கட ஊர்ப் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை நிற்கிறானே என்று நெஞ்சு குளிர்ந்தது.

கார்ட்டைச் செருகினேன். 23,460 ரூபா. நாலு இலக்கத்தையும் அடித்தேன். மெஷின் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு திரை அப்படியே வெள்ளையாகி, திரும்பச் சிவப்பு லைட். பொடியன் வந்து எதையோ அமத்திப் பார்த்தான்.

“விழேல்லை அக்கா. விழுந்திருந்தா பில் வந்திருக்கும். திரும்ப ஒருக்காப் போடுங்கோ.”

“காசு ரெண்டு தரம் போகாதோ தம்பி?”

“போகாது அக்கா. நான் பொறுப்பு.”

நான் பொறுப்பு! இந்த இரண்டு சொல்லையும் பத்தொன்பது நாளாக மனதுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். என்னுடைய போன் மத்தியானமே சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது, வங்கி மெசேஜ் வந்திருக்கா என்று பார்க்க வழியில்லை. மகளுடைய போன் இருந்தது, வங்கிக்கு எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரும்பப் போட்டேன். இந்த முறை பில் வந்தது. பொடியன் வாளியைத் தூக்கி வாசல்மட்டும் கொண்டுவந்து தந்தான். உண்மையில் நல்ல பிள்ளை, அவனில் எனக்குக் கோபமில்லை.

இரவு பஸ்ஸில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விடியப்புறம் முறிகண்டியில் பஸ் நின்றது. கொண்டக்டர் தேங்காய் உடைக்க இறங்க, நானும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கினேன். நூறு ரூபாய்க்குக் கச்சான் போட்ட அம்மா, மேலே ஒரு பிடி சும்மா அள்ளிப் போட்டா. ஏறி இருந்து போனைத் திறந்தால் வங்கி மெசேஜ் இரண்டு. 5.12க்கு 23,460. 5.16க்கு 23,460. கச்சான் மடியில் அப்படியே கிடந்தது. வீடு வந்து சேரும்மட்டும் ஒன்றையும் உடைக்கவில்லை.

23,460 ரூபா என்றால் என்ன என்று கொழும்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 2025 மாசியில் ‘நாடு’ என்கிற வகை நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அந்தக் கணக்கில் இது 195 கிலோ நெல். இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்குப் பார்த்திருந்து, பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்து எடுத்த நெல், நாலு நிமிசத்தில் போனது.

இனி அலைச்சலைக் கேளுங்கள். ஞாயிறு கடைக்குப் போன் எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அமத்தச் சொன்னது, அமத்தினேன், கதைத்தவர் சிங்களம். நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்க, ஈமெயில் போடுங்கள் என்று வைத்துவிட்டார். தம்பி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டான். ஒரு நிமிசத்தில் பதில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, இது உங்கள் இலக்கம். கருத்தாம்! நான் என்ன கருத்துச் சொன்னேன்? காசைக் கேட்டேன்.

திங்கள் வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த மிஸ் பண்பாகத்தான் கதைத்தா. “இது தானாத் திரும்பி வரும் அக்கா, ஏழு வேலை நாள் பாருங்கோ.” ஏழு வேலை நாளும் பார்த்தேன். வரவில்லை. திரும்பப் போனால், “இரண்டும் சரியாப் போயிருக்கு, நீங்கள் கடையிலதான் கேக்கவேணும்” என்று ஒரு படிவம் தந்தா. அதுவும் ஆங்கிலம். கடைக்கு எடுத்தால் முகாமையாளர், “எங்கட கணக்கில ஒருதரம்தான் விழுந்திருக்கு, பாங்கில கேளுங்கோ” என்கிறார். வங்கி கடையைக் காட்டுகிறது, கடை வங்கியைக் காட்டுகிறது. 23,460 ரூபா எங்கேயோ ஓரிடத்தில் நிற்கத்தானே வேண்டும்? ஏ-9 வீதியில் பறந்தா போனது?

அந்தப் பொடியனோடு கதைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் லீவாம். அடுத்த கிழமை கேட்டேன், வேறு கிளைக்குப் போய்விட்டாராம். மெஷினுக்கு மேலே கமெரா இருக்கிறதே, பாருங்கள் என்றேன். அதைப் பார்க்க மேலிடத்து அனுமதி வேண்டுமாம். கடைசியில், “மெஷினில நீங்கள்தானே மிஸ் அமத்தினது?” என்றார்.

இந்தக் கேள்வியில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓம், நான்தான் அமத்தினேன். காசாளர் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் இல்லாமல் நான் செய்தேன். அதற்காக ஒரு ரூபா குறைத்தீர்களா? வேலை என்னுடையது, பிழை வந்தால் அதுவும் என்னுடையது, காசு மட்டும் உங்களுடையது. அந்தக் கவுண்டரில் ஒரு மனிசர் இருந்திருந்தால் அவருடைய பெயர் பில்லில் இருக்கும், பொழுதுபட லாச்சியை எண்ணுகிறபோது கணக்கு இடிக்கும், யாரோ ஒருவர் தேடுவார். மெஷினிடம் போய் நான் யாருடைய பெயரைச் சொல்வது?

பில்லைச் சொன்னதால் இன்னொன்று. பில்லின் மூலப்பிரதியைக் கொண்டு நேரே வாருங்கள் என்றார்கள். நேரே என்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். சரி, போவோம் என்று பையைத் திறந்தால் பில் பாதி கறுத்துக் கிடக்கிறது. தேத்தண்ணீர்ப் பிளாஸ்கோடு ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கடதாசியில் மை இல்லை, சூட்டில்தான் எழுத்து விழுகிறது. பிளாஸ்கின் சூடு பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது. திகதியும் மெஷின் இலக்கமும் போய்விட்டது, ‘மீண்டும் வருக’ மட்டும் வடிவாகத் தெரிகிறது.

என்னுடைய தையல் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஆளுக்கொரு கதை. “பிள்ளை, காசை எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கவேணும்” என்கிறார் பென்சன் எடுத்த ஐயா ஒருவர். சந்தையடியில் கொப்பியில் எழுதித்தான் அவருக்குச் சாமான் வருகிறது, அவர் எண்ணி நான் கண்டதில்லை. தம்பிக்கு மெஷினில் பிழை இல்லை, நான் அவசரப்பட்டதுதான் பிழை. இரண்டு சாமானோடு போகிறவனுக்கு அதைப்போல் சுகம் இல்லையாம். இருக்கலாம். இங்கிலாந்தில் பிரெஸ்ரன் பக்கம் இருக்கிற மச்சாள் சொல்வது வேறு. அவவுடைய பக்கத்தில் உள்ள பூத்ஸ் என்ற கடைக்காரர் 2023இல் இரண்டு கிளைகளைத் தவிர மற்றதெல்லாவற்றிலும் இந்த மெஷின்களைக் கழற்றிவிட்டார்களாம், சனத்துக்குப் பிடிக்கவில்லை என்று. அமெரிக்காவில் ரார்கெற் (Target) என்ற பெரிய கடை 2024இல் பெரும்பாலான கிளைகளில் பத்துச் சாமானுக்கு மேல் இதில் போட முடியாது என்று வைத்துவிட்டது. அங்கே 1986இலேயே அற்லாண்டாப் பக்கம் இதை வைத்துப் பார்த்தவர்கள். அவ்வளவு காலம் பாவித்தவர்களே இப்படிப் பின்வாங்க, எங்களுக்கு இப்போதுதான் புதினமாக வருகிறது. மகள் இவ்வளவு நடந்த பிறகும் மெஷினில்தான் போகிறாள். அவளை நான் மறிக்கவில்லை. சிங்களம் ஓடும்மட்டும் அப்படித்தான் இருக்கும்.

இன்று காலை வங்கியில் சொன்னது: இன்னும் முப்பது நாள். முப்பது நாளில் வருமா என்று கேட்டேன். “பாப்பம் அக்கா” என்றா.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மனுசன் வயலால் வந்துவிட்டார், சோறு இன்னும் அடுப்பில், கடையில் இரண்டு சட்டை பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் கெதியாக:

மெஷின் இடையில் நின்றால் கார்ட்டை இரண்டாம் தரம் போடாதீர்கள். யார் பொறுப்பு என்று சொன்னாலும், எந்த ஊர்க்காரர் சொன்னாலும் போடாதீர்கள். முதலில் மெசேஜைப் பாருங்கள், இல்லாவிட்டால் கார்ட்டின் பின்பக்கத்து இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். காசு விழவில்லை என்றால் விழவில்லை என்று ஒரு துண்டு அடித்துத் தரச் சொல்லுங்கள். பில்லையும் மெஷின் இலக்கத்தையும் அங்கேயே படம் எடுங்கள். போனைச் சார்ஜில் வைத்திருங்கள். பெரிய தொகை என்றால் வரிசை எவ்வளவு நீளமானாலும் மனிசர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 1977, வங்கி மறுத்தால் மத்திய வங்கி 1935. வங்கிக்கு முதலில் எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்திருங்கள், நான் வாயால் சொல்லி ஏழு வேலை நாளை வீணாக்கினேன்.

இப்போதைக்கு இவ்வளவுதான். இதே மாதிரி யாருக்கும் நடந்து காசு திரும்பி வந்திருந்தால், எத்தனை நாளில் வந்தது, யாரைப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். நாளைக்கு ஒன்பது மணிக்கு 1935க்கு எடுக்கிறேன். 23,460 ரூபா, 5.12க்கு ஒன்று, 5.16க்கு ஒன்று. சொல்லிச் சொல்லிப் பாடமாகிவிட்டது.