ஹோம் தியேட்டர் மாட்ட வருகிறவர் கையில் என்ன ஒயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மூன்று மாதமாக எங்கள் ஹாலில் ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனிச் சத்தம் வருவதுதான் சரவுண்ட் என்று தெரியாமல், அதையே சரவுண்ட் என்று நம்பி, வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் முதல் நாளே சந்தேகம். "பேசுறவ டி.வி.யில இருக்கா, குரல் ஏன்டா சோபாவுக்குப் பின்னால வருது?" என்று கேட்டார். மாட்ட வந்த பையன் சிரித்துக்கொண்டே "அதுதாம்மா சரவுண்டு" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடைப் பெயர் வேண்டாம். ஊரில் நாலு பேர் சொல்லி, நம்பிப் போன கடை. 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), எல்லாவற்றுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரோடு 68,000 ரூபாய். பெட்டிக்குள் இருந்ததில் ஒரு குறையும் இல்லை. ஏமாந்ததெல்லாம் பெட்டிக்கு வெளியே. ஸ்பீக்கர் ஒயர் 30 மீட்டர், மீட்டர் 120 வீதம் 3,600. மாட்டும் கூலி 3,000. "பியூர் காப்பர் சார், ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று கடைக்காரரே வாட்ஸப்பில் போட்டிருந்தார். சுவருக்குள் பைப் வழியாகப் போகிற ஒயர், நல்லதாக இருக்கட்டும் என்று பேரம்கூடப் பேசவில்லை.

நாலாவது மாதம் ரிசீவர் மக்கர் செய்தது. ஆன் செய்த இரண்டு நொடியில் 'புரொடெக்ட்' என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். அதே பையன் வந்தான். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தடவை ஆன் செய்துவிட்டு, "ஐ.சி. போயிடுச்சு சார். போர்டு மாத்தணும், 9,500 ஆகும்" என்றான். வாரண்டி இருக்கிறதே தம்பி என்றேன். "கரண்ட் ஏறி இறங்கிப் போனதுக்கு வாரண்டி வராது சார்." மூடியைக் கழற்றாமலே உள்ளே இருக்கிற ஐ.சி. சிப் போனது எப்படித் தெரிந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஸ்டெபிலைசர் வாங்காததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

பணம் கொடுக்கும் முன் சித்தப்பா மகனுக்கு ஒரு போன் போட்டேன். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவன். "அண்ணே, பிளக்கைப் பிடுங்கிட்டு ரிசீவர் பின்னாடி இருக்கிற ஸ்பீக்கர் ஒயர் எல்லாத்தையும் கழட்டுங்க. அப்புறம் ஆன் பண்ணுங்க. அணையாம நின்னா போர்டுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம்" என்றான்.

நின்றது. பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டிப் பார்த்தேன், மாட்டும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். பின்பக்க இடது ஸ்பீக்கரை மாட்டியதும் மறுபடி புரொடெக்ட். டார்ச் அடித்துப் பார்த்தால், சிவப்பு முனையில் முறுக்கிய இழைகளில் மூன்று முறிந்து, ஒன்று பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷார்ட். அதைப் பார்த்துத்தான் ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. 9,500 ரூபாய் ஐ.சி. என்பது தலைமுடி கனத்தில் ஒரு கம்பித் துண்டு!

அந்தத் துண்டைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. முறிந்த இடம் வெள்ளையாக இருந்தது. பிளேடால் சுரண்டினால் உள்ளே முழுக்க அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கடைகளில் சி.சி.ஏ. என்பார்கள். அதே தடிமனுள்ள செம்பு ஒயரைவிட மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், நாலு தடவை மடக்கினால் முறிவதுதான் தொல்லை. அலுமினியத்தின் எடை செம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், அதனால் இரண்டு ஒயரையும் ஒரே நேரத்தில் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். நான் தூக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு சித்தப்பா மகன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து செம்பு ஒயர் வாங்கிக்கொண்டு வந்தான். பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தோம். ஒரு பைப்பில் பாதியில் அறுந்துவிட, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்பிரிங் விட்டு இழுக்க வேண்டியதாயிற்று. முன்பக்கம் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. 'தம் தம்' என்கிற பாஸ் சத்தம் ஏன் சப்பென்று இருந்தது என்பதற்கும் பதில் கிடைத்தது.

அம்மாவின் கேள்விக்கான பதில் ரிசீவரின் டிஸ்பிளேயிலேயே இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது: 'மல்டி சேனல் ஸ்டீரியோ'. டி.வி.யின் ஒலி செட்டிங் பி.சி.எம்.மில், அதாவது ஒலியை டி.வி.யே பிரித்து அனுப்புகிற முறையில், இருந்தது. டி.வி. ஒலியை ரிசீவருக்குக் கொண்டுபோகிற எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வழியாக பி.சி.எம். போனால் இரண்டு சேனல்தான் போகும். அதைச் சரிசெய்யத் தெரியாமலோ, நேரமில்லாமலோ, மாட்ட வந்த பையன் அந்த இரண்டையே ஐந்து ஸ்பீக்கரிலும் பிரித்துவிட்டுப் போயிருக்கிறான். ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புகிற பிட்ஸ்ட்ரீமுக்கு டி.வி.யை மாற்றி 5.1 உள்ள படம் ஒன்றைப் போட்டதும் டிஸ்பிளேயில் 'டால்பி டிஜிட்டல்' வந்தது. வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டிலும் ஒரு தடவை அந்த டிஸ்பிளேயைப் பாருங்கள், கூலி கொடுப்பதற்கு முன்.

கடையில் கேட்டால், "பில்லில் காப்பர்னு போட்டிருக்கா சார்?" என்றார்கள். போடவில்லை, 'ஸ்பீக்கர் ஒயர்' என்று மட்டும்தான் இருந்தது. கை கொடுத்தது வாட்ஸப் செய்திதான். அதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். இரண்டு வாரத்தில் கடைக்காரரே கூப்பிட்டு, பையன் தெரியாமல் மாற்றி எடுத்து வந்துவிட்டான் என்றார். 3,600 தருவதாகச் சொன்னார், கூலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் பழைய ஒயர் முழுவதையும் திருப்பிக் கொடுத்தால்தான் பணமாம்.

அடுத்து எந்த வீட்டுச் சுவருக்குள் போகும் என்று யோசித்தேன். முழத்துக்கு ஒரு வெட்டாக நறுக்கி, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.